முடி வெட்டும்போது அழும் குழந்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைப் புறநகரான அஸ்தினாபுரத்தில் எந்த சலூனைக் கடந்து போனாலும் உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்கும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடுவார்கள். அப்பா கையிலிருக்கும் செல்போனில் ஓடும் பாட்டைப் பார்த்துக்கொண்டே முடியைக் கொடுத்துவிடுவார்கள். சில பிள்ளைகள் அடங்குவதில்லை. போர்த்திய துணியைப் பிடுங்கிப் போட்டு, நாற்காலியிலிருந்து நழுவி, உடம்பெல்லாம் வியர்த்து, சில சமயம் வாந்தியே எடுத்துவிடுவார்கள். பாதி வெட்டிய தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் அப்பாவைத் தெருவே பார்க்கும். "செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்று ஒரு குரலாவது எழும்.

அந்த நாற்காலியில் அந்தப் பிள்ளையின் உடம்புக்கு என்னென்ன நேர்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். கழுத்தைச் சுற்றி இறுக்கமாக ஒரு நைலான் துணி. எதிர்பாராமல் முகத்தில் தெறிக்கும் சில்லென்ற தண்ணீர். காதுக்குப் பின்னால் ஓடும் மிஷினின் சத்தம் காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை, மண்டையோட்டு எலும்பின் அதிர்வாகவும் உள்காதுக்குள் நேராக நுழைகிறது. வெட்டிய முடித் துணுக்குகள் பின்கழுத்தில் குத்துகின்றன. முன்பின் தெரியாத ஒரு கை தலையைக் குனிய வைக்கிறது. கால்கள் தரையில் எட்டாமல் தொங்குகின்றன. பவுடர் வாசனை, ஷேவிங் கிரீம் வாசனை, டி.வி. சத்தம். இத்தனையும் ஒரே நேரத்தில். உங்களுக்கும் எனக்கும் இதில் பாதி உறைப்பதே இல்லை. சில குழந்தைகளுக்கு ஒவ்வொன்றும் முழு வலுவோடு உறைக்கிறது.

இந்தக் குழந்தைகளுக்குப் புலன் செயலாக்கச் சிக்கல் இருப்பதாகச் சொல்கிறார்கள். இதற்கு உதவும் துறை ஆக்குபேஷனல் தெரபி. பெற்றோர் பேச்சில் சுருக்கமாக ஓ.டி. குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், செம்பாக்கம், தாம்பரம் என்று தென்புறநகர் முழுக்க இன்று ஓ.டி. பலகைகள் தொங்குகின்றன. "மண்டே வெட்னஸ்டே ஸ்பீச், டியூஸ்டே தர்ஸ்டே ஓ.டி." என்று கால அட்டவணை போட்டு வாழும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது, அதற்குப் பின்னால் அறிவியல் எவ்வளவு உறுதியாக நிற்கிறது, பெற்றோர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஐம்புலன்கள் என்று படித்தோம். உடலியல் அதோடு நிற்பதில்லை. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து அதை மூளைக்குச் சொல்கிறது. இது சமநிலைப் புலன். தசைகளிலும் தசைநார்களிலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்விகள், கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு விசை போடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இருட்டில் கையை நீட்டி மூக்கைத் தொட முடிவது அதனால்தான். இந்த உடல்நிலைப் புலனுக்கு 1906இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன். அழுத்தத்தை உணர்ந்து நரம்பைத் தூண்டும் பீசோ என்ற புரதங்களைக் கண்டறிந்ததற்காக ஆர்டெம் பட்டபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பீசோ 2 மரபணு பழுதானவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் தங்கள் கை இருக்கும் இடமே தெரியாமல் தவிக்கிறார்கள் என்று 2016இல் தெரிய வந்தது. மூன்றாவதாக, பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது போன்ற உள்ளுடல் செய்திகளைச் சொல்லும் புலன். ஐந்து வயதாகியும் கால்சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது என்கிற பிள்ளைகளில் சிலருக்குச் சிக்கல் இங்கேதான்.

இத்தனை வழிகளில் செய்தி வந்து கொட்டினாலும் மூளை எல்லாவற்றையும் நம்மிடம் கொண்டுவந்து வைப்பதில்லை. காலையில் பெல்ட்டைக் கட்டும்போது இடுப்பில் அது தெரிகிறது, பஸ் ஸ்டாப் போவதற்குள் மறந்துவிடுகிறது. பெல்ட் எங்கும் போகவில்லை. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும், ஆபத்தில்லாத செய்திக்கு நரம்பு மண்டலம் பதிலைக் குறைத்துக்கொள்கிறது. இந்தப் பழகிப்போதல் எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள வளரிளம் பிள்ளைகளின் கையில் சொரசொரப்பான கம்பளித் துணியைத் தேய்த்தும், இரைச்சலைக் கேட்க வைத்தும் மூளையைப் படமெடுத்தார்கள். புலன் கூச்சம் அதிகமுள்ள பிள்ளைகளுக்குத் தொடு உணர்வுப் பகுதியும், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவும் அதிகமாகத் தூண்டப்பட்டன. அதைவிட முக்கியம், அந்தத் தூண்டல் நேரம் ஆக ஆகக் குறையவில்லை. "கொஞ்ச நேரம் போனாப் பழகிடும்" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பழக்கமே அவர்களிடம் ஒழுங்காக நடக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான பிள்ளைகளும் உண்டு. பெயரைப் பலமுறை சொன்னாலும் திரும்பாது, முட்டியில் ரத்தம் வந்தாலும் அழாது. இன்னொரு வகை தேடிப்போகும் வகை. சோபாவிலிருந்து குதிக்கும், சுற்றிச் சுற்றி வரும், சட்டைக் காலரைச் சப்பும், ஆளைக் கண்டால் மோதி அணைக்கும். அக்கம்பக்கத்தில் "ஹைபர்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். ஒரே குழந்தை சத்தத்துக்குக் காதைப் பொத்தும், அதே குழந்தை மணிக்கணக்காக ஊஞ்சலாடும். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு புலனுக்கும் அதன் வாசலின் உயரம் வேறு. அமெரிக்க ஓ.டி. அறிஞர் வின்னி டன் 1997இல் இதை ஒரு கட்டமாக வரைந்து காட்டினார். நரம்பின் வாசல் உயரமா தாழ்வா என்பது ஒரு பக்கம். அதற்குக் குழந்தை தானே ஏதாவது செய்கிறதா, வந்ததை அப்படியே ஏற்கிறதா என்பது இன்னொரு பக்கம். இன்றைய கேள்வித்தாள்கள் பல அந்தக் கட்டத்தின் மேல்தான் நிற்கின்றன.

இந்தத் துறையின் தொடக்கம் ஏ. ஜீன் ஏயர்ஸ் என்ற பெண்ணிடம் இருக்கிறது. 1920இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிறகு கல்வி உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கற்றலில் திணறும் பிள்ளைகளைப் பார்த்தபோது அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளை உட்காரும் விதத்தைப் பார்த்தார். கண்ணும் கையும் சேர்ந்து இயங்கவும், நாற்காலியில் விழாமல் உட்காரவும், பென்சிலை அளவான அழுத்தத்தோடு பிடிக்கவும் உடம்பின் செய்திகள் மூளையில் ஒன்றுசேர வேண்டும் என்றார். 1972இல் வந்த அவருடைய நூல் இந்தக் கருத்தைப் புலன் ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நிலைநிறுத்தியது. அவர் தன் காலத்து மூளை அறிவியலை வைத்துச் சொன்ன விளக்கங்களில் பல இன்று திருத்தப்பட்டுவிட்டன. ஆனாலும் அவர் வகுத்த ஒரு நடைமுறை இன்றும் மாறவில்லை: குழந்தைதான் ஆட்டத்தை நடத்த வேண்டும், ஆட்டம் அதற்கு எட்டியும் எட்டாத அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபியைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் அவர் தொடங்கியதுதான் நாட்டின் முதல் ஓ.டி. பள்ளி. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யிலும், நம் பக்கத்திலேயே காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்.மிலும் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது. தாம்பரத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அங்கே போகிற அம்மாக்களை நான் மதிக்கிறேன்.

இனி அறைக்குள் போகலாம். இந்தப் பக்கத்து மையங்கள் பெரும்பாலும் ஒரு வீட்டின் முதல் மாடி. வெளியே செருப்புகள், பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்களும் பாட்டிகளும். உள்ளே தரையெல்லாம் வண்ண ஃபோம் பாய், கூரைக் கொக்கியில் தொங்கும் பலகை ஊஞ்சல், டிராம்போலின், பெரிய தெரபி பால், உடம்பை அமுக்கிப் பிடிக்கும் லைக்ரா துணித் தொட்டில். முதல்முறை பார்ப்பவருக்கு இது விளையாட்டுக் கூடமாகத்தான் தெரியும். "இதுக்கா மணிக்கு இவ்வளவு வாங்குறாங்க" என்று ஒரு தாத்தா கேட்டால் அது நியாயமான கேள்வி.

பலகை ஊஞ்சலில் ஒரு பிள்ளை குப்புறப் படுத்திருக்கிறது. முன்னும் பின்னுமாக மெதுவாக ஆடிக்கொண்டே, தரையில் சிதறிக்கிடக்கும் வளையங்களை எடுத்து ஒரு கூம்பில் போட வேண்டும். அதற்குத் தலையைத் தூக்க வேண்டும், முதுகுத் தசை இறுக வேண்டும், ஆடும் உடம்பிலிருந்து ஆடாத பொருளைக் கண் பிடிக்க வேண்டும், கையை எப்போது நீட்டுவது என்று கணக்கிட வேண்டும். பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவதற்கும் இதே திறன்கள்தான் தேவை. தெரபிஸ்ட் வளையத்தைவிட அதிகமாகப் பார்ப்பது பிள்ளையின் முகத்தை. உதட்டைச் சுற்றி வெளிறுகிறதா, உள்ளங்கை வியர்க்கிறதா, விக்கல் வருகிறதா, அடிக்கடி கொட்டாவி விடுகிறதா. இவை உடம்பு திணறத் தொடங்கியதன் அடையாளங்கள். மெதுவான, நேர்கோட்டு ஆட்டம் பொதுவாக ஆளை அமைதிப்படுத்தும். வேகமான சுழற்சி உசுப்பிவிடும், அதன் விளைவு சில குழந்தைகளுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். ஆட்டிவிடுவது யாரும் செய்யலாம். எப்போது நிறுத்துவது என்பதற்குத்தான் படிப்பு வேண்டும்.

ஊஞ்சல் முடிந்ததும் ஒரு கூடையில் பொருள்களை நிரப்பி அறையின் அந்தக் கோடிக்குத் தள்ளச் சொல்வார்கள். தள்ளுதல், இழுத்தல், தூக்குதல், தொங்குதல் எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தமான செய்தி அனுப்பும் வேலைகள். மோதிக்கொண்டே திரியும் பிள்ளை இதன் பிறகு சற்று நேரம் நிலையாக உட்காருவதைத் தெரபிஸ்டுகள் வழக்கமாகப் பார்க்கிறார்கள். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். காலித் தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு போவது, சப்பாத்தி மாவு பிசைவது, மாடியில் காய்ந்த துணியைப் பக்கெட்டில் போட்டுத் தூக்கி வருவது, காய்கறிப் பையில் ஒரு காதைப் பிடிப்பது. நல்ல தெரபிஸ்ட் முதல் மாதத்திலேயே இவற்றை எழுதிக் கொடுத்துவிடுவார்.

சாப்பாட்டுப் பிரச்சினையோடு வரும் பிள்ளைகள் ஏராளம். "தயிர்சாதம் தவிர எதுவும் இறங்காது மேம்" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு மையமும் கேட்டிருக்கும். அந்தத் தயிர்சாதத்தையே உற்றுப் பார்க்க வேண்டும். குழைய மசித்து, வடிகட்டிய மாதிரி வழவழப்பாக இருக்கும்வரை இறங்குகிறது. தாளிதத்தில் ஒரு கடுகு நாக்கில் பட்டதும் மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. சாம்பார் சாதம் இன்னும் மோசம். ஒரு வாயில் பருப்பு, அடுத்த வாயில் முருங்கைக்காய் நார், அதற்கடுத்து வெங்காயத் துண்டு. அடுத்த கவளத்தில் என்ன வரும் என்று வாய்க்குத் தெரியாது. பிஸ்கட்டோ ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும், நம்பலாம். இதைப் புரிந்துகொண்டால் வழி தெரியும்: பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயலாமல், அதே வழவழப்பில் சுவையை மட்டும் மாற்றுவது, பிறகு சுவையை நிறுத்திவைத்துக் கரகரப்பை மாற்றுவது. ஒரு நேரத்தில் ஒன்று. உணவு வகை மிகவும் சுருங்கி எடை குறைந்தால், குழந்தை நல மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

சலூன் விஷயத்தையும் இப்படித்தான் பிரித்து எடுப்பார்கள். முதல் சில வாரங்களில் கத்திரிக்கோலே வராது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது விரல் நுனியால் தடவாமல் முழு உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கச் சொல்வார்கள். மெல்லிய தொடுதல் கூசும் பிள்ளைகள் பலருக்கு அழுத்தமான தொடுதல் தாங்கக்கூடியதாக இருக்கிறது. அடுத்து மிஷின். பக்கத்து அறையில் ஓடவிட்டு, பிறகு அதே அறையில் ஓடவிட்டு, பிறகு சுவிட்சைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். எப்போது சத்தம் வரும், எப்போது நிற்கும் என்பது தன் கையில் இருக்கும்போது பாதி பயம் போய்விடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி பவன் சின்ஹா 2014இல் தன் குழுவோடு முன்வைத்த கருதுகோள் இங்கே பொருந்துகிறது: ஆட்டிசத்தில் பல சிக்கல்களின் வேர், அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டி ஊகிப்பதில் உள்ள தடுமாற்றமாக இருக்கலாம் என்பது அது. ஊகிக்க முடியாத சத்தம் ஒவ்வொரு முறையும் புதுச் சத்தம்தானே.

பிறகு கடை. கூட்டமில்லாத வார நாள் மதியம் போவது. நைலான் துணிக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டுபோன பருத்தித் துண்டு. காலுக்கு ஒரு ஸ்டூல். மிஷின் வேண்டாம், கத்திரி மட்டும் போதும் என்று கடைக்கார அண்ணனிடம் முன்பே சொல்லி வைப்பது. பத்து வரை சத்தமாக எண்ணி, பத்து ஆனதும் நிஜமாகவே நிறுத்துவது. முடிந்த கையோடு சட்டை மாற்றி, வீட்டில் குளியல். குலதெய்வம் கோயில் மொட்டையும் காதுகுத்தும் வரும்போதும் இதே தயாரிப்பு உதவும். உறவுக்காரர்கள் பதினைந்து பேர் சுற்றி நின்று பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை மட்டும் தயவுசெய்து கைவிட வேண்டும். பிடித்து அமுக்கினால் அன்றைக்கு மொட்டை முடிந்துவிடும், அந்த அச்சம் போக வருஷங்கள் ஆகும்.

இதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா என்று கேட்டால், பதிலைப் பகுதி பகுதியாகத்தான் சொல்ல முடியும். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, புலன் கூச்சத்தையும் மந்தத்தையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. புலன் செயலாக்கச் சிக்கலைத் தனி நோயாக ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012இல், இதைத் தனி நோயாக எழுத வேண்டாம், புலன்வழிச் சிகிச்சையைப் பிற சிகிச்சைகளோடு சேர்த்து முயலலாம், ஆனால் சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது.

அதற்குப் பிறகு இரண்டு ஆய்வுகள் முக்கியம். 2014இல் அமெரிக்காவில் ரோசான் ஷாஃப் குழு, ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 வாரத்தில் 30 அமர்வுகள் ஏயர்ஸ் முறையில் கொடுத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோர் முன்பே குறித்துக்கொடுத்த இலக்குகளில் அந்தக் குழந்தைகள் கூடுதலாக முன்னேறினார்கள், தன் வேலையைத் தானே செய்வதில் பெற்றோர் உதவி குறைந்தது. பிரிட்டனில் 138 குழந்தைகளோடு நடந்து 2022இல் வெளியான ஆய்வில் முடிவு வேறு. ஆறு மாதம் கழித்து எரிச்சல், கிளர்ச்சி போன்ற நடத்தைகளை அளந்தபோது, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எடை போட்ட போர்வை ஆட்டிசக் குழந்தைகளின் தூக்கத்தைக் கூட்டவில்லை என்று 2014இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது, அது வேறு விஷயம்.

இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இது. "பிள்ளையின் புலன்களைச் சரிசெய்து மொத்த நடத்தையையும் மாற்றிவிடுகிறோம்" என்ற வாக்குறுதிக்குச் சான்று இல்லை. பல் தேய்ப்பது, சட்டை போடுவது, சாப்பிட உட்காருவது என்று குறிப்பான ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதை நோக்கி உழைத்தால் பலன் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ஓ.டி.யின் வெற்றியை ஊஞ்சல் அறைக்குள் அளக்கக்கூடாது. வீட்டில், பள்ளியில், கடையில் அளக்க வேண்டும். மையத்தில் சேரும் முதல் நாளே கேட்கலாம்: மூன்று மாதத்தில் என் பிள்ளை எதைச் செய்யும்? அதை எப்படி அளப்பீர்கள்? மாறவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? நல்ல தெரபிஸ்டுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். "ஐ காண்டாக்ட் இம்ப்ரூவ் ஆகும்" என்று மட்டும் சொல்பவரிடம் இன்னும் துருவலாம். ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகச் சொல்பவரிடமிருந்தும், பல மாதப் பணத்தைப் பேக்கேஜாக முன்கூட்டிக் கேட்பவரிடமிருந்தும், அறைக்குள் நடப்பதைப் பார்க்கவே விடாதவரிடமிருந்தும் விலகுவதே நல்லது. ஓ.டி. செய்பவர் அந்தப் படிப்பில் பட்டம் பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இத்துறையினரைப் பதிவுசெய்து முறைப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

ஓ.டி.க்கு முன்னால் சில மருத்துவச் சோதனைகள் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று மெல்லும் பிள்ளைக்கு ரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குப் பல் சொத்தையோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கலாம். இவற்றை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் "சென்சரி" என்று பெயர் சூட்டினால் சின்ன மருந்தில் தீரும் துன்பம் நீண்டுபோகும்.

கேள்வித்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரவலாகப் பயன்படும் புலன் கேள்வித்தாள்கள் அமெரிக்கக் குழந்தைகளை வைத்து அளவு வகுக்கப்பட்டவை. கையில் ஈரமாக ஒட்டுவது பிடிக்கவில்லையா, வெறுங்காலில் நடக்கிறதா, திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா என்று கேட்கின்றன. இங்கே குழந்தை தினமும் கையால் பிசைந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் எல்லோரும் வெறுங்கால்தான். ஜி.எஸ்.டி. சாலை ஹார்ன், மின்சார ரயில், குக்கர் விசில், மிக்ஸி, ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஒலிபெருக்கி, தீபாவளி வெடி என்று சத்தத்துக்கு ஓய்வே இல்லாத ஊர் இது. அமெரிக்கக் குழந்தைக்கு எப்போதாவது வரும் சோதனை, அஸ்தினாபுரத்துக் குழந்தைக்குத் தினசரி வாழ்க்கை. மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், வீட்டுக்கு வந்து ஒரு சாயங்காலம் பார்க்கிற தெரபிஸ்ட் கிடைத்தால் அது பெரிய வரம்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வாரம் இரண்டு அமர்வு என்பது ஒரு சம்பளத்தில் ஓடும் வீட்டுக்குப் பெரிய செலவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. புலன் செயலாக்கச் சிக்கல் தனியாக இல்லை, அதனால் அது மட்டும் உள்ள பிள்ளைக்குச் சான்றிதழோ சலுகையோ கிடைக்காது. ஆனாலும் அரசு வழி முழுக்க அடைபட்டதில்லை. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். அங்கே கட்டணம் இல்லை. ஒன்றிய வள மையங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர்களும் தெரபிஸ்டுகளும் வருகிறார்கள். எந்த நாளில் யார் வருகிறார் என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பள்ளியில்தான் பெரும்பாலான பெற்றோர் தயங்குகிறார்கள். குறை சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியரிடம் நீண்ட மருத்துவ அறிக்கையைக் கொடுத்துப் பயனில்லை என்பதும் உண்மை. அனுபவமுள்ள தெரபிஸ்டுகள் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதித் தருவார்கள். அதில் நோயின் பெயர் இருக்காது. ஃபேனுக்கும் கதவுக்கும் பக்கத்தில் இல்லாமல் முன்வரிசைச் சுவர் ஓரத்தில் இடம், பெல் அடிக்கும் முன் ஒரு கண்ஜாடை, சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தால் திட்ட வேண்டாம், பக்கத்து வகுப்புக்கு நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை இவனுக்கு, பிரேயரில் வரிசையின் கடைசி இடம், அப்போதுதான் பின்னால் வருபவர் யாரும் இடிக்க மாட்டார்கள்.